முழங்கால் மணக்கும் வீடு

சங்குவிளை பண்டகசாலைத் தெருவில், பெயிண்ட் கடை சுயம்புலிங்கத்தின் வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாம்பிராணிப் புகையையும் மீறிக்கொண்டு ஒரு மணம் எழுந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று சுயம்புலிங்கம் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், கேஸ் சிலிண்டரை நகர்த்திப் பார்த்தார், எலி கிலி செத்துக் கிடக்கிறதா என்று பரணில் ஏறிப் பார்த்தார். கடைசியில் மூக்கு இழுத்த வழியே போய்த் தன் மனைவி தங்கபுஷ்பத்தின் வலது முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏ புள்ள, உன் முட்டுதான் மணக்கு" என்றார், குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதுபோல.

தங்கபுஷ்பம் தோசைக் கரண்டியை வைத்துவிட்டுக் குனியப் பார்த்தாள். குனிய முடியவில்லை. மகன் கோகுலன் குனிந்து முகர்ந்து, ஆமாம் என்றான். புளித்த மாவு மாதிரி இருக்கிறது என்றார் அப்பா, காயாத துணி மாதிரி இருக்கிறது என்றான் மகன், இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றி வாதாடினார்கள். தங்கபுஷ்பத்துக்கு முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் மிஞ்சிய ரவை உப்புமாவைப் புதன்கிழமைச் சாம்பாரின் அடிமண்டியில் பிசைந்து, எல்லாரும் படுக்கப் போனபின், அடுப்புமேடையில் இடுப்பைச் சாய்த்து நின்றபடி அவள் தின்றாளே, அதுதான். அந்த வீட்டில் அதைத் தின்றவள் அவள் ஒருத்தி என்பதால் மற்ற இருவருக்கும் மணம் பிடிபடவில்லை.

"சாம்பிராணி நமத்துப் போயிருக்கும்" என்றாள். தோசை கருகத் தொடங்கியிருந்தது. கருகிய தோசை யாருக்கு என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

அந்த முழங்கால் நான்கு வருஷமாக வீங்குவதும் வற்றுவதுமாக இருந்தது. பிறகு அது தனக்குத் துணையாகக் கைவிரல் கணுக்களையும் சேர்த்துக்கொண்டது. காலையில் எழுந்தால் கை மூடாது, சாவி திருக வராது, பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் கிழிக்க வேண்டும். இது தேய்மானம் இல்லையம்மா, முடக்குவாதம், மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், விட்டால் விரல் கோணிக்கொள்ளும், கோணிய விரல் திரும்ப நேராகாது என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஆக்னஸ் சொல்லியிருந்தார். சாப்பிட்டபின் போட வேண்டிய மாத்திரை. சுயம்புலிங்கம் சாப்பிட்டு, கோகுலன் சாப்பிட்டு, அடுத்த வீட்டிலிருந்து சுயம்புலிங்கத்தின் அக்காள் வசந்தமலர் வந்து குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் வாங்கிப் போய், பாத்திரம் கழுவி முடிந்தபின் தங்கபுஷ்பத்தின் சாப்பாட்டு வேளை வந்தாலும் வரும், வராமலும் போகும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் நெஞ்சு எரிந்தது. எரிகிறது என்று மாத்திரையை விட்டாள். விட்டதும் வசந்தமலருக்கு ரொம்பச் சந்தோஷம், ஏனென்றால் இங்கிலீஷ் மருந்தில் வசந்தமலருக்கு நம்பிக்கை கிடையாது, அடுத்தவர் உடம்புக்கு என்றால்.

"வாயில கட்டுப்பாடு இருந்தா முட்டு தானா சரியாவும்" என்றாள்.

தெரு முழுக்க அந்தக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டது. உருளைக்கிழங்கு வாயு என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள், தங்கபுஷ்பம் அதை விட்டாள். வாழைக்காயும் வாயுதான் என்று அதற்கடுத்த வீட்டுக்காரி சொன்னாள், அதையும் விட்டாள். மொச்சை வாயு, கத்திரிக்காய் கரப்பான், தயிர் குளிர்ச்சி, தக்காளி ஆகாது, புளி ரத்தத்தைச் சுண்டவைக்கும், பூசணிக்காய் நீர் கோக்கும் என்று வீட்டுக்கு ஒரு காயாக அவள் வாயிலிருந்து பிடுங்கினார்கள். தங்கள் வீட்டுப் பங்குக்குப் பிடுங்க ஒன்றும் மிச்சமில்லாமல் போன கோடி வீட்டுக்காரர்கள் யோசித்து யோசித்துக் கடைசியில் தண்ணீரைக் குறை என்றார்கள்.

பிடுங்கியதோடு நிற்கவில்லை, கொடுக்கவும் செய்தார்கள். பிரண்டைத் துவையல் செய்து சாப்பிடு, முடக்கத்தான் அரைத்துத் தோசை சுடு, ஆட்டுக்காலை அரைநாள் வேகவைத்துச் சூப்பு குடி என்று சொன்னார்கள். எல்லாம் நல்ல வார்த்தைதான். செய்ய வேண்டியவள் மட்டும் தங்கபுஷ்பம். பிரண்டையின் நாரை உரித்து விரல் கணு அரிக்க அரிக்க, முடக்கத்தான் அரைக்கும் மிக்ஸி மூடியை அழுத்தி மணிக்கட்டு தெறிக்கத் தெறிக்க, ஆட்டுக்கால் வேகும்வரை அடுப்படியில் நின்று முழங்கால் கடுக்கக் கடுக்க, தன் வலிக்கான வைத்தியத்தைத் தானே செய்து, அதனால் வலியைக் கூட்டிக்கொண்டாள். சூப்பின் முதல் வடிசலை, தனக்கும் முட்டில் லேசாக ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது என்று சுயம்புலிங்கம் குடித்தார். ஜிம்முக்குப் போகிறவன் என்பதால் இரண்டாம் வடிசல் கோகுலனுக்கு. மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தது அவளுக்கு. அதற்குள் அந்த ஆடு எப்போது செத்தது என்பதே எலும்புக்கு மறந்துபோயிருந்தது.

இப்படி இருந்த முழங்கால்தான் மணக்கத் தொடங்கியது. சனிக்கிழமை அது வெந்நீராக மணந்தது. ஞாயிற்றுக்கிழமை சோற்றுப்பானையின் அடிக்காந்தலாக மணந்தது. திங்கட்கிழமைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது, யாரும் அதிசயப்படவில்லை. உடம்பு என்று இருந்தால் ஏதாவது ஒன்று செய்யத்தானே செய்யும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரியின் மாமனாருக்குக் காதில் வண்டு ஒன்று குடியிருந்து வாடகை இல்லாமலே காலி செய்துகொண்டு போனதை நினைவுபடுத்திக்கொண்டார்கள்.

வசந்தமலருக்கு மட்டும் ஒரே உற்சாகம்.

"நாலு வருசமா வலி போவல, போவலன்னியே. நீ என்னத்தையோ ஒளிச்சுத் திங்குதன்னு எனக்கு அப்பமே தெரியும். இனிமே ஒளிக்க முடியாது பாத்துக்கோ. முட்டே சொல்லிரும்."

"நான் என்னத்தை மைனி ஒளிச்சுத் திங்கப் போறேன்?"

"அதத்தான் கண்டுபிடிக்கப் போறோம்."

கண்டுபிடிக்க மாசாணமுத்து அண்ணாச்சி வந்தார். அவர் பெருங்காய வியாபாரி. கட்டியை உடைக்காமலே கலப்படம் சொல்லக்கூடிய மூக்கு, அந்தப் பக்கத்தில் அவர் ஒருவருக்குத்தான். அவர் உட்கார நாற்காலி போட்டார்கள். முழங்காலுக்குச் சொந்தக்காரி நின்றுகொண்டிருந்தாள், முகர வசதியாக. தெருப் பெண்கள் வாசலிலும் படியிலும் நெருக்கியடித்து நின்றார்கள். உருளைக்கிழங்கு போண்டா என்று சிலரும் வாழைக்காய் பஜ்ஜி என்று சிலரும் தங்களுக்குள் பந்தயம் பேசிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி கண்ணை மூடினார். மூக்கின் இடது துவாரத்தால் ஒருமுறை இழுத்தார், வலதால் ஒருமுறை இழுத்தார், பிறகு இரண்டாலும்.

"கிழங்கு இல்ல" என்றார். "வாழைக்கா இல்ல. கத்திரிக்கா இல்ல."

"நல்லா பாருங்க அண்ணாச்சி."

"மூக்கால எப்படித் தாயி பாக்க? இது பழசு."

"என்ன பழசு?"

"எல்லாம் பழசு. நேத்தைக்கு முந்தின நாள் ரசம். அதுக்கு முந்தின நாள் சோறு. ரெண்டையும் சேத்துச் சுடவச்சிருக்கு. சுடவச்சவ ஒழுங்கா சுடவைக்கல, கேஸு தீந்துரும்னு நெனச்சிருப்பா போல."

அங்கே நின்றவர்கள் எல்லாரும் கௌரவமான குடும்பத்துப் பெண்கள். மூன்று மாடி வீட்டுக்காரி ஏன் முந்தாநாள் ரசம் தின்கிறாள் என்ற கேள்வி எல்லார் வாய்க்குள்ளும் வந்து, எல்லார் வாய்க்குள்ளும் பல்லில் இடித்துத் திரும்பியது. கேட்டால், நீ என்ன தின்றாய் என்று அடுத்தவள் கேட்டுவிடுவாள். சுயம்புலிங்கம் கடைச் சாவியைத் தேடுவதுபோலச் சட்டைப் பையைத் தடவினார். அப்போது வசந்தமலர்தான் குடும்பத்தைக் காப்பாற்றினாள்.

"அப்படின்னா நோவு பழசத்தான் கேக்கு" என்றாள் உறுதியாக. "அது கேக்குததத்தான் அது மணக்கு. புதுச் சாப்பாடு இவ ஒடம்புக்கு ஆவாது. பழசுதான் மருந்து."

எல்லாரும் மூச்சு விட்டார்கள். அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் கையில் காப்பி கொடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலத்திலிருந்து டப்பாக்கள் வரத் தொடங்கின. தெருவில் பல ஃப்ரிட்ஜுகளின் கீழ்த்தட்டு அன்றைக்குத்தான் வெளிச்சம் கண்டது. போன வாரக் காரக்குழம்பு, யாரோ செத்த வீட்டிலிருந்து வந்து யாரும் தொடாத வடை, வாய் அகன்ற தூக்குவாளியில் மோர்க்குழம்பு, கல்யாண வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்து கட்டியபடியே கெட்டுப்போன பிரியாணி. கத்திரிக்காய் ஆகாது என்று சொன்ன அதே வீட்டிலிருந்து எண்ணெய்க் கத்திரிக்காய் வந்தது. பழசானால் கரப்பான் போய்விடுமாம். கொண்டுவந்தவர்கள் டப்பாவைக் கழுவித் தரச் சொல்லி நின்றார்கள். தங்கபுஷ்பம் கழுவிக் கொடுத்தாள். சோற்றைக் குப்பையில் கொட்டாத பழக்கத்தில் வளர்ந்தவள் ஆகையால், வந்ததில் பாதியைத் தின்றும் தொலைத்தாள்.

கொஞ்ச நாளில் இன்னொன்றும் வழக்கமாகிவிட்டது. காலையில் கோலம் போட்ட கையோடு பெண்கள் வந்து முகர்ந்துவிட்டுப் போனார்கள், தங்கள் வீட்டுக் குழம்பு எடுபட்டிருக்கிறதா என்று பார்க்க.

"இன்னைக்கு எங்க வத்தக்குழம்புதான் முன்னால நிக்கி."

"ஆமா, உங்க பெருங்காயம் தூக்கலா இருக்கும்லா, அதான். அடியில எங்க கூட்டு மணக்கது உங்களுக்குத் தெரியல."

"கூட்டா? நான் ஈரச் சாக்குன்னு நெனச்சேன்."

தன் குழம்பு முழங்காலில் எடுபட்ட வீட்டுக்காரி அன்று முழுக்கத் தலை நிமிர்ந்து நடந்தாள். ஆண்கள் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் முழங்காலையும் முகர்ந்து பார்த்ததாகச் சொல்கிறார்கள். சோப்பு வாசம்தான் வந்ததாம். ஆம்பிளை முட்டு மணக்காது, பிறவியே அப்படி என்று டீக்கடையில் முடிவுசெய்தார்கள்.

முழங்கால் பெயர் வாங்கிக்கொண்டிருந்தபோது, முழங்காலுக்கு மேலே இருந்தவள் தேய்ந்துகொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் தோசைக் கரண்டியைப் பிடித்தால் பிடி நிற்கவில்லை, நழுவி விழுந்தது. கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். வலது கை மோதிர விரல், கூட்டத்தில் அடுத்த ஆளிடம் ரகசியம் கேட்கிறவனைப்போல, சுண்டுவிரல் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேற்று அப்படி இல்லை. அவள் அதை மற்றக் கையால் நிமிர்த்தினாள். விட்டதும் திரும்பச் சாய்ந்தது. இந்த நான்கு வருஷத்தில் அவள் வலிக்குப் பயந்ததில்லை, வலி கூடவே இருந்து பழகிவிட்டது. இந்தச் சாய்வுக்குப் பயந்தாள். அடுத்து நடுவிரல், அதற்கடுத்து ஆட்காட்டி என்று கை முழுக்கச் சாய்ந்துவிட்டால் சோற்றை அள்ளி வாயில் வைப்பதற்குக்கூட இன்னொருவர் கை வேண்டும். அந்த வீட்டில் இன்னொருவர் கை என்று ஒன்று இருப்பதாக அவளுக்கு நினைவில்லை.

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். தன் முறை வரும்போது மணி மூன்று. டாக்டர் ஆக்னஸ், அவளுடைய மகன் வயதைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கக்கூடிய பெண், விரலைப் பிடித்துப் பார்த்தார், முழங்காலை அமுக்கிப் பார்த்தார், மூக்கைச் சுளிக்காமல் கேட்டார்.

"நேத்து என்னம்மா, கொத்தவரங்காயா?"

"அது கோடி வீட்டுது டாக்டர்."

"மாத்திரை போடுறீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் தங்கபுஷ்பம். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், வாயு, கரப்பான், ஆட்டுக்கால், டப்பா எல்லாம். சொல்லிவிட்டு, "எதத் தின்னா டாக்டர் இது போவும்?" என்று கேட்டாள்.

"எதத் தின்னாலும் போகாதும்மா. மாத்திரைதான் இதைப் பிடிச்சு நிறுத்தும். சாப்பாடு கூடமாட ஒத்தாசை செய்யும், வீக்கமும் வலியும் கொஞ்சம் கொறையும். அதுக்கு மேல சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

"உருளைக்கிழங்கு?"

"உங்க முட்டுக்கு உருளைக்கிழங்கு மேல தனிக் கோவம் ஒண்ணும் இருக்கிற மாதிரி தெரியல. எதையாவது சாப்பிட்டா உங்களுக்கு வலி கூடுதுன்னு தோணுச்சுன்னா ஒரு ரெண்டு மூணு வாரம் விட்டுப் பாருங்க. வித்தியாசம் இல்லேன்னா திரும்பச் சாப்பிடுங்க. தெருவுக்காக எதையும் விடாதீங்க." டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே பேசினார். "சாளை மீன் வாங்குங்க. வெலையும் கம்மி, அதுல இருக்கிற கொழுப்பு மூட்டுக்கு நல்லது. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள். கொழம்பு வைங்க, பொரிக்காதீங்க. கீரை, காய், பயறு, ஒரு கைப்பிடி கடலை. சீனியையும் எண்ணெப் பலகாரத்தையும் கொறைங்க. கெட்டுப்போனதைத் தின்னாதீங்க, நீங்க குப்பைத்தொட்டி இல்ல."

"எப்பம் சாப்பிடணும் டாக்டர்?"

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. எதைச் சாப்பிட வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள், எப்போது என்று கேட்டவர் இல்லை.

"பசிக்கும்போது" என்றார் டாக்டர். "சுடச்சுட. உக்காந்து. அப்புறம் மாத்திரை. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள இந்த விரல் இன்னும் சாய்ஞ்சுதுன்னா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது."

மேசை ஓரத்தில் டாக்டரின் டிபன் பாக்ஸ் மூடியபடி இருந்தது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். டாக்டர் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சாளை என்ற வார்த்தையைச் சொன்னதும் வசந்தமலர் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள், வார்த்தையே வாடையடிப்பதுபோல.

"சாளையா? இந்த வீட்டு அடுப்புலயா? எங்க அப்பா தள்ளுவண்டியில உப்பு வித்த காலத்துல தின்னது அது. அவரு செத்ததோட விட்டோம். மூணு மாடி கட்டி, கிரானைட்டு போட்டு, இப்பம் போயி சாளையா? அதுவும் உன் முட்டு வேற ஊருக்கெல்லாம் ஒலிபரப்புது!"

"டாக்டர் சொன்னாங்க மைனி."

"அவளுக்கென்ன, சொல்லுவா. மீன்னா மீன்தான. ஏலே சுயம்பு, சீலா வாங்கிட்டு வா. கௌரவமா இருக்கும்."

சுயம்புலிங்கம் சீலா வாங்கி வந்தார், விலையைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு. அதைக் குழம்பு வைத்தால் வீணாகப் போய்விடும் என்று வறுத்தார்கள், அதாவது அவள் வறுத்தாள். நடுத்துண்டு அவருக்கு, அடுத்த துண்டு கோகுலனுக்கு, ருசி பார்க்க ஒன்று வசந்தமலருக்கு. தங்கபுஷ்பம் வறுசட்டியில் ஒட்டிய மசாலாவைச் சோற்றில் புரட்டித் தின்றாள். மறுநாள் முழங்கால் தீய்ந்த எண்ணெயாக மணந்தது, மீன் எங்கே என்று முகர வந்தவர்கள் கேட்டார்கள்.

இந்தச் சமயத்தில் சுயம்புலிங்கம் தன் கடையின் இரண்டாவது கிளையைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னால் பந்தல் போட்டுக் கறிவிருந்து. பெயிண்ட் கம்பெனியின் ஏரியா மேனேஜர் வருகிறார், சொந்தபந்தம் வருகிறது, அன்றைக்கு முழங்கால் அடங்கியிருக்க வேண்டும் என்று வசந்தமலர் காலையிலேயே வந்து அதைச் சுற்றிப் பாலித்தீன் பையை இறுக்கினாள், அதன்மேல் துண்டைக் கட்டினாள், துண்டின்மேல் முழம் முழமாக மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள். சமையலுக்கு ஆள் வைத்திருந்தார்கள். பரிமாறுவது மட்டும் வீட்டுப் பெண்கள்தான், அதுதான் மரியாதை.

முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். தங்கபுஷ்பம் குழம்பு வாளியோடு வரிசையில் வந்தாள். முழங்காலில் வழி அடைபட்ட மணம் அப்போது வேறு வழி பார்த்தது. கரண்டி சாய்க்க மணிக்கட்டு மடங்கியபோது மணிக்கட்டிலிருந்து ஒன்று, முழங்கை நிமிர்ந்தபோது அதிலிருந்து ஒன்று, தோள் திரும்பியபோது தோளிலிருந்து ஒன்று, இடுப்பு வளைந்தபோது இடுப்பிலிருந்து ஒன்று என்று மூட்டுக்கு மூட்டு மணம் பிரிந்தது. முழங்காலில் இருந்தது நேற்றையது. மற்ற மூட்டுகளில் உள்ளே போகப் போகப் பழையது இருந்தது.

"என்ன வாடை இது?" என்றார் ஏரியா மேனேஜர். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சாக்கடை என்றார் ஒருவர். பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் என்றார் சுயம்புலிங்கம், தன் தொழிலிலிருந்து.

அடுத்த பந்திக்காகச் சுவரோரம் நின்றிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் உதடுகள் அசைந்தன, கோவிலில் முணுமுணுப்பதுபோல. அது பிள்ளை துப்பிய பருப்புச் சோறு என்றாள் ஒருத்தி. அது சம்பந்தி வீட்டுக்கு எடுத்து அனுப்பினது போக உடைந்துகிடந்த அதிரசம் என்றாள் இன்னொருத்தி. அது அடிப்பிடித்த பால், கரண்டியால் சுரண்டினது. அது விருந்தாளி எச்சில் படாமல் இலையில் ஒதுக்கின பொரியல். அது பிள்ளை பெற்ற ஏழாம் நாள், மீன் ஆகாது கறி ஆகாது என்று கொடுத்த வெறும் பூண்டுக் குழம்பு, எனக்கும் அதையேதான் கொடுத்தார்கள். அது கல்யாணமாகி வந்த மறுநாள், எல்லாரும் தின்று முடித்தபின் பானைக்குள் கையை விட்டு எடுத்த கடைசிச் சோறு, தோள்பட்டைக்குள்ளே இவ்வளவு ஆழத்திலா கிடந்தது அது.

ஏரியா மேனேஜருக்குப் போன் வந்தது. மணம் பொறுக்காமலோ, மேலதிகாரி என்பதாலோ, இலையை விட்டு எழுந்து தெருமுனைக்குப் போனார். தங்கபுஷ்பம் அவர் இலைக்கு நேராக வந்தபோது முழங்கால் மடங்கிவிட்டது. பிடித்துக்கொள்ள எதிரே ஒரு காலி நாற்காலிதான் இருந்தது. அவள் உட்கார்ந்தாள். முன்னால் தொடாத இலை, அதில் ஆவி பறக்கிற சோறு, கறிக்குழம்பு. ரொம்ப நேரம் யோசித்ததாகத் தெரியவில்லை. பிசைந்து சாப்பிட்டாள்.

பந்தல் முழுக்கக் கை நின்றது. வசந்தமலர் பாய்ந்து வந்தாள், நாற்காலிக்குப் பின்னால் வந்ததும் வேரோடினதுபோல நின்றாள். இலையில் உட்கார்ந்து கை நனைத்தவரை எழுப்பக்கூடாது. எதிரியாக இருந்தாலும், அழைக்காமல் வந்தவனாக இருந்தாலும், பந்தியிலிருந்து எழுப்புவது அந்த ஊரில் செய்யக்கூடாத காரியம். ஒருமுறை கடன்காரனைப் பந்தியிலிருந்து எழுப்பிய குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பெண் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். இந்த வழக்கங்களையெல்லாம் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லி வாழ்ந்தவள் வசந்தமலர்.

"ரசம் ஊத்தட்டுமா?" என்றாள் கடைசியில்.

"மைனி, கொஞ்சம் சோறும்" என்றாள் தங்கபுஷ்பம்.

மறுநாள் காலையில் அவள் தெருவோடு போன மீன்காரியைக் கூப்பிட்டு, சத்தமாகவே, சாளை வாங்கினாள். குழம்பு வைத்தாள். கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்டு இறக்கி, தட்டு எடுக்கவில்லை, கொல்லையில் போய் ஒரு வாழை இலை நறுக்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் போட்டாள். தட்டில் தின்கிறவளை யார் வேண்டுமானாலும் தண்ணீர் கொண்டா, ஊறுகாய் கொண்டா என்று எழுப்பலாம். இலையில் உட்கார்ந்தவளை முடியாது. பசி வந்த நேரத்துக்கு உட்கார்ந்தாள், சூடாகத் தின்றாள், மாத்திரையை விழுங்கினாள். நெஞ்சு எரியவில்லை. சாப்பிட வந்த சுயம்புலிங்கம் இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார். அப்படி ஓர் அறை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், உள்ளே என்னென்ன இருக்கும் என்பதுதான் தெரியாது. "இது எத்தன நாளைக்கு?" என்றார். அவள் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நாள் தவறாமல் இலை போட்டாள், மீன் இல்லாத நாளில் கீரைக்கும் பயறுக்கும், ஒருநாள் உருளைக்கிழங்குக்கும்.

முழங்கால் சாளைக் குழம்பும் சுடுசோறுமாக மணந்தது, பிறகு மணம் மெலிந்தது, பிறகு குனிந்து முகர்ந்தால்தான் தெரியும் என்றானது. வீக்கம் பாதிக்குமேல் வற்றியது. இரண்டு மாதம் கழித்து டாக்டர் ஆக்னஸ் விரலைப் பிடித்துப் பார்த்தார். சாய்ந்தது நிமிரவில்லை, மேற்கொண்டு சாயவும் இல்லை. "இது போதும்" என்றார். காலையில் கை மூடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது, மழைநாளில் வலி வந்து எட்டிப் பார்த்தது. ஆனால் பால் பாக்கெட்டை அவள் கையால் கிழித்தாள்.

தெரு இதையெல்லாம் கவனித்து, தன் பங்குக்கு யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தது. சாளைதான் மருந்து. உப்பு விற்ற காலத்தை எல்லாரும் மறந்தார்கள். மீன்காரி தெருவுக்குள் வரும் முன்பே மறித்தார்கள், சாளை விலை ஏறியது, சீலா அனாதையாகக் கிடந்தது. முட்டுக்கு நல்லதாம் என்று வீட்டுக்கு வீடு குழம்பு கொதித்தது. ஆண்கள் உட்கார்ந்து முழு மீனைத் தின்றார்கள், பிள்ளைகள் தின்றார்கள், பெண்கள் எல்லாம் முடிந்தபின் அடுப்புமேடையில் சாய்ந்து நின்று, வால்முள்ளைச் சப்பி, சட்டியை வழித்தார்கள்.

வாரம் திரும்புவதற்குள் எதிர்வீட்டிலிருந்து மணம் கிளம்பியது, பிறகு அடுத்த வீட்டிலிருந்து, பிறகு கோடி வீட்டிலிருந்து. மாசாணமுத்து அண்ணாச்சிக்கு ஓய்வில்லை. போன இடத்திலெல்லாம் நாற்காலி போட்டார்கள், அவர் முகர்ந்து முகர்ந்து, "சட்டி" என்றார், "இதுவும் சட்டி" என்றார், "சட்டிதான் தாயி" என்றார். பெருங்காயத்தின் மணமே தனக்கு மறந்துபோகும் என்று பயந்து ஒருநாள் கடையைப் பூட்டிக்கொண்டு அக்காள் ஊருக்குப் போய்விட்டார்.

ஒருநாள் மதியம் வசந்தமலர் வந்தாள். தங்கபுஷ்பம் இலையில் இருந்தாள். வசந்தமலரின் இடது முழங்காலைச் சுற்றி ஒரு துண்டும், துண்டின்மேல் வாடிய மல்லிகையும். படியேறுகையில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சாளையோட வேற என்னமோ சேத்துத் திங்குத" என்றாள். "எங்கிட்ட சொல்லல. நானும் அதே மீன்காரிட்ட வாங்குதேன், அதே புளிதான் கரைக்கேன். எனக்கு மட்டும் ஏம் இப்படி மணக்கு?"

"ஒண்ணும் சேக்கல மைனி. நேத்து சட்டிய வழிச்சீங்களா?"

"வழிக்காம? மசாலா எல்லாம் அதுலதான ஒட்டிக் கெடக்கும்." வசந்தமலர் குரலைத் தாழ்த்தினாள். "சத்தியமா சொல்லு. வேற என்ன?"

"உக்காந்து திங்கேன்."

"வெளையாடாத."

"முதல்லயே உக்காந்துருதேன். சூடா."

வசந்தமலர் அதை நாக்கில் வைத்துப் பார்ப்பவள்போல உதட்டைச் சப்பிக்கொண்டாள். "நீ உக்காந்துட்டா அவங்களுக்கு யாருட்டி பரிமாற?" என்று கேட்டாள். அதில் குத்தல் எதுவும் இல்லை, உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே சமையலறையில் சுயம்புலிங்கத்தின் குரல் கேட்டது. "ஏ புள்ள, இந்தக் குழம்புக் கரண்டி எங்கதான் கெடக்கு?"

தங்கபுஷ்பம் கொல்லையிலிருந்து கூடுதலாக நறுக்கி வைத்திருந்த இலையை வசந்தமலருக்கு முன்னால் மேசையில் விரித்துத் தண்ணீர் தெளித்தாள். சோற்றை வைத்தாள், நடுத்துண்டு மீனாகப் பார்த்து இரண்டு வைத்தாள், ஆவி எழுந்தது. பிறகு தன் இலைக்குத் திரும்பிக்கொண்டாள்.

"புஷ்பம்!"

"தேடுங்க" என்றாள் வாயில் சோற்றோடு.

உள்ளே ஏதோ ஒரு மூடி கிரானைட் தரையில் விழுந்து, நிற்க மனமில்லாததுபோல நெடுநேரம் சுழன்றது. போய் எடுத்துக் கொடுப்போம் என்று வசந்தமலர் எழுந்திருக்கப் பார்த்தாள். அப்போதுதான் தான் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.